தண்டவாளத்தின் மேல் தார்

மார்கழி மாதத்து விடியற்காலையில் கொல்கத்தாவின் டாக்குரியா மேம்பாலத்தின் அடிவாரத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும்போது, வண்டி வருகிறது என்ற செய்தியைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் சொல்லும். பக்கத்து ரவீந்திர சரோவர் ஏரியிலிருந்து எழுந்து சாலையெல்லாம் கவிந்து கிடக்கும் மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் ஓர் உறுமல் கேட்கும், அடுத்து, வண்டியின் பக்கத் தகரத்தைப் பட்பட்டென்று அடிக்கும் கண்டக்டரின் கை, அதன் பின், "ஆஸ்தே, லேடீஸ்! கோலே பாச்சா!" என்று, இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் இறங்கப் போகிறாள், மெதுவாக நிறுத்து என்று டிரைவருக்குச் சொல்லும் அந்த நெடுநாளைய வங்கக் குரல். கடைசியில்தான் நீலமும் மஞ்சளுமாக வண்டி புலப்படும். அது நகர்ந்து போன பிறகு நமக்கு மிஞ்சுவது, தொண்டையில் இறங்கிக் கரிக்கும் ஒரு புகைப் படலம்.

சென்ற வாரம் அவ்வாறு நின்றுகொண்டிருந்தபோது, யாதொரு சத்தமும் இல்லாமல் என் முழங்கைக்கு ஓரடி தூரத்தில் ஒரு பெரிய பஸ் வந்து நின்றுவிட்டது. மேற்கு வங்காளப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சார பஸ் அது. ஏறி, டிரைவருக்குப் பின்னாலிருந்த ஆசனத்தில் அமர்ந்தேன். அவருக்கு எதிரே, டீசல் அளவு காட்டும் முள் இருக்க வேண்டிய இடத்தில், மின்கலத்தில் மிச்சமிருப்பது எத்தனை சதவிகிதம் என்று ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கோல் பார்க் சிக்னலில் வண்டி நின்றபோது, இதை ஓட்டுவது எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். "மேஸோமொஷாய், இதில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போகும்போது முழங்கால் வலிப்பதில்லை. ஆனால் கண் மட்டும் இந்த எண்ணை விட்டு நகராது. வெயில் காலத்தில் ஏ.சி. முழுவதும் ஓடினால் மளமளவென்று இறங்கிவிடும்" என்றார். அவர் சொன்ன இரண்டு விஷயங்களிலும் இந்தப் பொருளின் சாரம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. சர்க்கார் தன் சொந்த வாகனங்களுக்கு வேறு எரிபொருளைத் தேடுவது எத்தகைய காரியம், அதில் எது எளிது, எது கடினம் என்பதைப் பற்றி அன்றிலிருந்து யோசித்து வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாற்று எரிபொருள் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் அதை இந்த நூற்றாண்டின் புதுமை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, ஒரு காலன் கிடைப்பதும் அருமையாகிப் போன நாட்களில், நம் தமிழ் நாட்டுச் சாலைகளில் பஸ்கள் கரியில் ஓடின. என் தகப்பனார் அவற்றில் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்குமாகப் பிரயாணம் செய்தவர். வண்டியின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் பொருத்தியிருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, காற்றை அளவாக விட்டு அரைகுறையாக எரியச் செய்தால், எரியக்கூடிய ஒரு வாயு உண்டாகும். குழாய் வழியே அதைக் கொண்டு வந்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். வாயு கிளம்புவதற்காகக் கிளீனர்ப் பையன் வெகுநேரம் முன்னதாகவே வந்து, கைப்பிடிச் சக்கரத்தை விடாமல் சுற்றி நெருப்பை ஊதிக்கொண்டிருப்பான். அவன் முகத்தில் கண்கள் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும் என்று தகப்பனார் சொல்வார். பாலத்து ஏற்றம் வந்தால் வண்டி மூச்சு வாங்கும். ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். இதற்கான கருவிகளை மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தாரே தயாரித்து விற்றார்கள். யுத்தம் முடிந்தது, பெட்ரோல் வந்தது, பீப்பாய்கள் கழற்றப்பட்டன. நிர்ப்பந்தத்தினால் வந்த மாறுதல் நிர்ப்பந்தம் நீங்கியதும் போய்விட்டது.

கல்கத்தாவின் கதை அப்படிப்பட்டதன்று. 1873-ஆம் வருஷம் சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை குதிரைகள் இழுத்த டிராம் வண்டியோடு தொடங்கி, இடையில் 1882-ல் நீராவி எஞ்சினையும் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூர் வரை மின்சாரத்தில் டிராம் ஓட்டியது இந்த நகரம். இமாம்பாக் சந்தில் கல்கத்தாவின் முதல் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கி அப்போது மூன்று வருஷங்கள்கூட முழுதாக ஆகவில்லை. லண்டனில் பதிவான ஒரு கம்பெனியின் கையில் இருந்த அந்த டிராம்களின் நிர்வாகத்தை 1967-ல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1976-ல் அவற்றைத் தேசவுடைமை ஆக்கியது. ஆகவே, இன்று உலகத்து அரசாங்கங்கள் எதைச் செய்யப் போவதாகச் சங்கற்பம் செய்துகொள்கின்றனவோ, அதாவது புகை கக்காத வாகனங்களைப் பொதுஜனங்களுக்காகத் தாமே சொந்தமாக வைத்து ஓட்டுவது என்ற அந்தக் காரியத்தை, மேற்கு வங்காள அரசு அரை நூற்றாண்டுக்கு முன்பே கைவசம் பெற்றிருந்தது.

நான் 1972-ல் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவன். டாக்குரியாவிலிருந்து பாலத்தைக் கடந்து கரியாஹாட் வரை நடந்து சென்று, டிப்போவில் புறப்படும் 25-ஆம் எண் டிராமில் ஏறி, டல்ஹவுஸி சதுக்கத்துக்குப் போவது முப்பத்து நான்கு வருஷ காலம் என் நித்திய கர்மங்களுள் ஒன்றாக இருந்தது. முன் பெட்டி முதல் வகுப்பு. அதில் மின்விசிறி உண்டு. பின் பெட்டி இரண்டாம் வகுப்பு; கட்டணத்தில் சில காசுகள் குறைவு. டிரைவர் நின்றபடியே ஓட்டுவார். காலால் மிதித்து அவர் எழுப்பும் டங் டங் என்ற மணியோசையைக் கேட்டதும் தண்டவாளத்தின் மேல் நிற்கும் கைரிக்ஷாக்காரர் சாவதானமாக விலகுவார். வளைவுகளில் சில வேளை கூரை மேலிருக்கும் கம்பம் மின்கம்பியிலிருந்து நழுவிவிடும். விளக்கணைந்து வண்டி நிற்கும். கண்டக்டர் இறங்கி, பின்னால் தொங்கும் கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்து, கம்பத்தை மறுபடியும் கம்பியில் கோத்துவிடுவார். கோக்கும் கணத்தில் நீல நிறத்தில் ஒரு பொறி பறக்கும். மழைக்கால மாலைகளில் அந்த நீலப் பொறியைப் பார்ப்பதற்காகவே என் மகள் ஜன்னலோரத்து இடத்தைக் கேட்பாள்.

அந்த வண்டியின் மேன்மை அதன் பழமையில் இல்லை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆகவே தார்ச் சாலையில் ரப்பர் சக்கரம் உருள்வதைக் காட்டிலும் சொற்ப சக்தியே போதும். மின்சாரம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருப்பதனால், டன் கணக்கில் மின்கலத்தைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. அதை நிரப்புவதற்காகப் பகலில் மணிக்கணக்காக நிற்க வேண்டியதில்லை. சில வருஷங்களுக்கு ஒருமுறை பெரும் பொருள் கொடுத்து அதை மாற்ற வேண்டியதும் இல்லை. நோனாபுகூர் பணிமனையில் பழுது பார்த்துப் பார்த்துப் பல தசாப்தங்கள் ஓட்டிய வண்டிகளில்தான் நானும் பிரயாணம் செய்திருக்கிறேன். சென்ற வாரத்து டிரைவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்தக் கவலை டிராம் டிரைவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இப்படிச் சொல்வதனால் மின்சார பஸ்ஸை நான் குறைவாக மதிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். மின்சார வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம் திட்டத்து மானியத்தைக் கொண்டு, பாதி ஒன்பது மீட்டர் வண்டிகளும் பாதி பன்னிரண்டு மீட்டர் வண்டிகளுமாக 80 டாடா பஸ்களை இந்த நகரம் வாங்கி, 2019-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து ஓட்டி வருகிறது. வாடகைக்கு அமர்த்தாமல் கழகமே சொந்தமாக வாங்கியது என்பது கவனிக்கத் தக்கது. அந்த வருஷம் அக்டோபரில் கோபன்ஹேகனில் கூடிய சி40 நகரங்களின் மாநாட்டில் கொல்கத்தாவுக்கு விருது கிடைத்தது. அடுத்த வருஷம் சர்வதேச எரிசக்தி முகமை தன் அறிக்கையில் சீனத்து ஷென்சென், சிலி நாட்டு சாந்தியாகோ, பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆகியவற்றோடு கொல்கத்தாவையும் ஓர் உதாரணமாக எடுத்து ஆராய்ந்தது. 2030-க்குள் 5,000 மின்சார பஸ்கள் என்ற இலக்கும் பேசப்பட்டது. 2022-ல் ஐந்து நகரங்களுக்காக மத்திய அரசு நிறுவனம் ஒன்று 5,450 பஸ்களுக்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, அதில் கொல்கத்தாவின் பங்கு 1,180. இந்த முறையில் பஸ் கம்பெனியுடையது. ஓடிய கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று சர்க்கார் கொடுக்கும். ஹூக்ளி நதியில் ஓடுவதற்காக, கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தார் 'டேவ்' என்ற பெயரில் மின்கலப் படகு ஒன்றையும் மாநில அரசுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வங்காளியில் அந்தச் சொல்லுக்கு அலை என்று பொருள்.

ஆனால் வாங்குவது வேறு, ஓட்டுவது வேறு. இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டிக் கொடுத்தது அமெரிக்கா. 1992-ல் அங்கே இயற்றிய எரிசக்திக் கொள்கைச் சட்டம், 1999 முதல் மத்திய அரசு இலாகாக்கள் வாங்கும் புதிய சிறு வாகனங்களில் முக்கால் பங்கு மாற்று எரிபொருளில் ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. இலாகாக்களும் வாங்கின. அவற்றில் பெரும்பாலானவை சாராய எரிபொருளிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் என்ற இருவகை வண்டிகள். சாராய எரிபொருள் விற்கும் நிலையங்கள் பல ஊர்களில் இல்லாமையால், அந்த வண்டிகள் பெட்ரோலைப் போட்டுக்கொண்டே ஓடின. சட்டத்தின் எழுத்து நிறைவேறியது, அதன் உத்தேசம் நிறைவேறவில்லை. 2005-ல் மற்றொரு சட்டம் செய்து, வாங்கினால் மட்டும் போதாது, அந்த எரிபொருளையே போட வேண்டும் என்று சொல்ல நேர்ந்தது. வண்டி எத்தனை என்று எண்ணுவதை விட்டு, எத்தனை பிரயாணிகளை எத்தனை தூரம் புகையின்றிக் கொண்டு சேர்த்தது என்று எண்ணியிருந்தால் அந்தப் பதின்மூன்று வருஷங்கள் வீணாகியிரா.

டில்லியில் நிகழ்ந்தது வேறு விதம். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம், தலைநகரின் பஸ்கள் அனைத்தும் 2001 மார்ச் இறுதிக்குள் அழுத்திய இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. வாயு நிலையங்கள் போதவில்லை. பஸ்களும் ஆட்டோக்களும் இரவெல்லாம் வரிசையில் நின்றன. கெடு தள்ளிப் போயிற்று. ஆயினும் 2002 முடிவதற்குள் மாறுதல் நிறைவேறிவிட்டது. அங்கே குழாய் வழியே வாயு வந்திருந்தது; நம் கொல்கத்தாவுக்கு அந்தக் குழாய் அப்போது வந்திருக்கவில்லை. ஆகவே, இங்கே 2008 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம், பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை வாகனங்களும் இரண்டு ஸ்ட்ரோக் ஆட்டோக்களும் நகரத்தை விட்டு விலக வேண்டும் என்று கட்டளையிட்ட பின்பு, மறு வருஷம் முதல் ஆட்டோக்கள் சமையல் வாயுவின் இனமான எல்.பி.ஜி.க்கு மாறின. அதற்கு முன்னால் அவை குடித்துக்கொண்டிருந்தது 'காட்டா தேல்' என்று இங்கே வழங்கும் கலப்பட எண்ணெய். மண்ணெண்ணெயும் இன்ன பிறவும் கலந்த அந்தத் திரவத்தின் புகையில் கண் எரியாமல் கரியாஹாட் சந்திப்பைக் கடந்தவர் எவரும் இல்லை. இன்று பச்சை வண்ணத்தில் ஓடும் ஆட்டோக்கள் நமக்குப் பழகிவிட்டன. ஆனால் அந்தப் பச்சை வண்டிக்காகக் கடன் வாங்கியவர்கள், நாள் வருமானத்தில் பிழைக்கும் ஓட்டுநர்கள். அவர்களை மாறச் சொன்ன சர்க்காருக்குத் தன் வண்டிகளை அவர்களுக்கு முன்பாகவே மாற்றிக் காட்டும் தார்மிகக் கடமை உண்டு என்பது என் திடமான அபிப்பிராயம். சொந்தக் கையில் இருப்பதைச் சீர் செய்துவிட்டுப் பிறருக்குக் கட்டளையிடுவதே ராஜ தர்மம்.

வாயுவைக் கொண்டு இன்னொரு முயற்சியும் இங்கே நடந்தது. 2017-ல் ஒரு தனியார் நிறுவனம் பீர்பூம் ஜில்லாச் சாணத்திலிருந்து கிடைக்கும் வாயுவில் உல்டாடாங்காவிலிருந்து கரியா வரை ஒரு பஸ்ஸை விட்டு, எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரு ரூபாய் என்று கட்டணம் வைத்தது. அந்த முயற்சியை நினைக்கும்போதெல்லாம், அந்த ஜில்லாவின் மாட்டுத் தொழுவத்தை நகரத்துச் சாலையோடு இணைக்க முடியும் என்று ஒருவர் நம்பினாரே என்று மனம் குளிரும்.

மின்சார வண்டியை ஆட்சேபிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்த மாநிலத்தின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. பஸ்ஸின் பின்னால் இல்லாத புகை பட்ஜ் பட்ஜிலும் கோலாகாட்டிலும் புகைபோக்கி வழியே வெளியேறத்தான் செய்கிறது. மெய்தான். எனினும் அந்தப் புகைபோக்கிகளில் சாம்பலைப் பிடித்து நிறுத்தும் சாதனங்கள் உண்டு, அவற்றை ஓரிடத்தில் சோதிக்கலாம், நாளைக்குச் சூரிய ஒளியைக் கொண்டு அந்தக் கரியையே குறைக்கலாம். கரியாஹாட் நடைபாதையில் காலை முதல் இரவு வரை கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நாசிக்கு நேரே ஊதும் டீசல் குழாய்க்கு இவற்றில் ஒன்றும் செய்ய முடியாது. வேறொரு பயத்தை 2020 மே 20 எனக்குக் காட்டியது. அன்று வந்த உம்பன் புயலில் ஏரிக்கரையின் பெருமரங்கள் வேரோடு சாய்ந்தன. தென் கொல்கத்தாவின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. டிராம் கம்பிகள் அறுந்து தொங்கின. எல்லா வண்டிகளையும் ஒரே சக்தியில் கட்டிவிட்டால் இத்தகைய நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கதி என்ன? ஆகவே, டிப்போக்களில் தனி மின் வழியும் சேமிப்பும் இருக்க வேண்டும். சில காலத்துக்காவது வேறு எரிபொருளில் ஓடும் வண்டிகளும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

புயலில் அறுந்த டிராம் கம்பிகள் பல தடங்களில் மறுபடியும் உயிர் பெறவே இல்லை. 2024 செப்டம்பரில், மைதானத்தை ஒட்டிய ஒரு சிறு பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றெல்லா டிராம் சேவைகளையும் நிறுத்தப் போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். நகரத்தின் பரப்பில் சாலை சுமார் 6 சதவிகிதமே என்பதும், டிராம் மெதுவாகப் போவதனால் நெரிசல் உண்டாகிறது என்பதும் அவர் கூறிய காரணங்கள். அந்த 6 சதவிகிதம் உண்மையான கஷ்டம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடம் குறுகியதென்றால், ஒரு வண்டியில் அதிகம் பேரை ஏற்றுவதற்கு முதலிடம் கொடுப்பதல்லவா முறை? இரண்டு பெட்டி டிராம் ஒன்று ஏற்றும் கூட்டத்தை மோட்டார் கார்களில் ஏற்றினால் அவை ராஷ்பிகாரி அவென்யூவில் எத்தனை தூரத்துக்கு வரிசையாக நிற்கும் என்று, அலுவலக நேரத்தில் ஒருநாள் அந்தச் சாலையில் நின்று பார்த்தாலே விளங்கும். தண்டவாளங்களைத் தார் போட்டு மூடும் வேலை பல இடங்களில் நடந்தது. 2025 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லிற்று. ஒரு கையால் மின்சார பஸ்ஸுக்கு மானியம் பெற்று, மறு கையால் மின்சார டிராமின் வழியை அடைப்பது பொருந்தாத செய்கை. இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் தமிழர்களாகிய நமக்குப் பேச அருகதை உண்டு. ஏனென்றால் இதே பிழையை நாம் முன்பே செய்திருக்கிறோம். இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே மாதத்தில் சென்னையில்தான் ஓடியது. கல்கத்தாவுக்கு ஏழு வருஷங்கள் முந்தி. கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, 1953 ஏப்ரலில் அது நின்றுபோயிற்று, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அதற்கு எழுபத்திரண்டு வருஷங்களுக்குப் பின்பு, 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்களை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தபோது, 625 பஸ்கள் வரப்போகும் திட்டத்தின் முதல் பகுதி அது என்று பத்திரிகைகள் மகிழ்ச்சியோடு எழுதின. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பாரிமுனையில் பிறந்து வளர்ந்த என் மாமனார், தாம் சிறுவயதில் ஏறிய டிராமைப் பற்றிச் சாகும் வரை பேசிக்கொண்டிருந்தது அன்று ஞாபகத்துக்கு வந்தது. பெயர்த்தெடுத்த தண்டவாளத்தைச் சென்னை மறுபடியும் போடவில்லை. கொல்கத்தாவில் அது இன்னும் பல இடங்களில் தாருக்கு மேலே தெரிகிறது.

லேக் மார்க்கெட்டிலும் டாக்குரியாவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ் அன்பர்களே, இந்த நகரம் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு டிராமில் ஏற்றிச் சென்ற நகரம். புதிய பஸ்கள் வரட்டும், நிறைய வரட்டும். அவற்றோடு பாலிகஞ்சிலிருந்து டாலிகஞ்ச் செல்லும் தடத்தையும், கரியாஹாட்டிலிருந்து எஸ்பிளனேடு செல்லும் தடத்தையும் ஒழுங்காக நடத்த வேண்டும் என்று மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். வங்காளியில் எழுத வராதவர்கள் ஆங்கிலத்தில் எழுதலாம். என் கடிதத்தை இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.